நிழல் இல்லாத பப்ரிக்கா

படம் கீறுவதில் ஒரு பிள்ளை தோற்கலாம் என்பதை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. "படம் கீறுறதுக்கும் பெயில் விடுவினமோ?" என்று அப்பா கேட்டார். விடுவார்கள். ஜெர்மனியில் விடுவார்கள், அதிலும் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கட்டாயம் விடுவார்கள்.

கலையையும் அறிவியலையும் ஒன்றாகப் படிப்பிக்கும் அரச பள்ளிக்கூடம் அது. நகரம் முழுவதிலுமிருந்து பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, முதல் அரையாண்டு வைத்துப் பார்ப்பார்கள். அதற்குள் இரண்டு பாடங்களில் ஐந்து வாங்கினால் வேறு பள்ளிக்கூடம் தேட வேண்டியதுதான். அங்கே ஒன்றுதான் நல்ல புள்ளி. ஐந்து என்றால் தோல்வி. ஜெர்மன் பாடத்தில் எனக்கு ஐந்து ஏறக்குறைய நிச்சயமாகியிருந்தது. சித்திரத்திலும் விழுந்தால் கதை முடிந்தது. கலையும் அறிவியலும் உடன்பிறந்தவை என்று அதிபர் முதல் நாள் பேசியிருந்தார். உடன்பிறந்தவை எப்படி அடிபடும் என்பதைப் பார்க்க அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கவேண்டும்.

சண்டை ஒரு பப்ரிக்காவில் தொடங்கியது. அந்தக் குடைமிளகாயை நெடுக்காக வெட்டி, மேசை விளக்கின் கீழ் வைத்துக் கீறி வரச் சொல்லியிருந்தார் சித்திர ஆசிரியர். நான் பென்சிலைச் சரித்துப் பிடித்து, பாடுபட்டு நிழல் போட்டுக்கொண்டிருந்தபோது, முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடித்து வந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"உதென்ன ஊத்தை? அழி."

அம்மா இலங்கையில், பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்கு உயிரியல் படித்தவர். உயிரியல் படத்தில் நிழல் போடக்கூடாது. கோடு ஒற்றைக் கோடாக, விட்டு விட்டு இழுக்காமல், ஒரே மூச்சில் போகவேண்டும். பாகங்களை அடிமட்டம் வைத்து நேர்கோடு இழுத்துக் குறிக்கவேண்டும், குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. இது சித்திரப் பாடம் என்று எத்தனை தரம் சொன்னாலும், "படம் எண்டால் படந்தான்" என்று அழிரப்பரைக் கையில் தந்தார். நிழல் முழுவதையும் அழித்தேன். சூல்வித்தகம், சுற்றுக்கனியம் என்று பாகங்களின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல, அகராதியைப் புரட்டி ஜெர்மன் சொற்களைத் தேடி எழுதினேன்.

ஆசிரியர் தாளை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "உன் பப்ரிக்கா அந்தரத்தில் மிதக்கிறது" என்றார். ஐந்து.

அடுத்த படம், காலில் போடும் சப்பாத்து. பேருந்தில் வைத்துக் களவாக நிழல் போடலாம் என்று திட்டமிட்டேன். அதற்குள் அம்மா என் பையைத் திறந்து, சப்பாத்தின் கண், நாக்கு, குதி எல்லாவற்றுக்கும் கோடு இழுக்க வைத்துவிட்டார். அதற்கும் ஐந்து. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் எவ்வளவு எரிச்சல்பட்டிருக்கும் என்பது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

பெற்றோரைச் சந்திக்கும் நாளில் அம்மா நேரே சித்திர ஆசிரியரிடம் போனார். மொழிபெயர்க்க நான்.

"நிழல் விளக்கின்ரை எண்டு சொல்லு பிள்ளை. அது மிளகாயின்ரை இல்லை. இல்லாததை ஏன் கீறவேணும்?"

சொன்னேன். ஆசிரியர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "ஆனால் விளக்கு அங்கே இருந்ததே" என்றார்.

அதையும் சொன்னேன். அம்மா மறுபடியும் விளக்கைப் பற்றி, அவர் மறுபடியும் ஒளியைப் பற்றி. இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. என் இடம் போகப்போகிறது, இவர்கள் விளக்கைப் பிடித்துத் தொங்குகிறார்கள் என்று எனக்கு அழுகை முட்டியது. கடைசியில் ஆசிரியர் ஒரு வாய்ப்புத் தந்தார்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வெங்காயம், நிழலோடு. இல்லையென்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

வெளியே வந்தால், எதிரில் உயிரியல் அறை. காத்திருக்கும் பெற்றோர் பார்ப்பதற்காக, பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றில் வெங்காயத் தோல். வெங்காயம் என்ற சொல்லே எனக்கு அப்போது பிடிக்கவில்லை. அம்மாவோ குனிந்து கண்ணை வைத்தவர் நிமிரவே இல்லை. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"அம்மா, ஒற்றைக் கண்ணை மூடிப்போட்டுப் பாருங்கோ" என்று சட்டையை இழுத்தேன்.

"ரெண்டும் திறந்திருக்க வேணும். அப்பதான் மற்றக் கண்ணாலை பாத்துக் கீறலாம்" என்றார், தலையைத் தூக்காமலே.

கீறவும் தொடங்கிவிட்டார். உயிரியல் ஆசிரியை தாள் கொடுத்தார், பென்சில் கொடுத்தார், பக்கத்தில் நின்று பார்த்தார். செங்கல் அடுக்கியதுபோல உயிர்க்கலங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கரு, எல்லாம் ஒற்றைக் கோட்டில். படம் முடிந்ததும் ஆசிரியை அதைச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். தாளின் மேல் மூலையில் அம்மா ஏதோ இலக்கங்களை வரிசையாக எழுதியிருந்தார்.

"ஏன் அம்மா ரெலிபோன் நம்பர் எல்லாம் எழுதுறீங்கள்? எல்லாரும் பாக்கப்போகினம்!"

"அது என்ரை சுட்டெண், பிள்ளை. கை தன்ரைபாட்டிலை எழுதிப்போட்டுது."

சுட்டெண் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்கப் பொறுமையும் இல்லை. அழிரப்பரை எடுத்து அழித்தேன். தாள் கசங்காதபடி அம்மா ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பேருந்தை விட்டு இறங்கும்போது அம்மா, "வெங்காயத்துக்கு அவர் கேக்கிற மாதிரியே நிழலைப் போடு" என்றார். போட்டேன். நாலு கிடைத்தது, பள்ளிக்கூடமும் தப்பியது. கடைசியில் என் பக்கம்தான் நியாயம் என்று அம்மாவுக்கு விளங்கிவிட்டதாக நினைத்து, அந்தக் கிழமை முழுவதும் தலை நிமிர்ந்து திரிந்தேன்.

இலங்கையில் பரீட்சை எழுதும் ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே ஒரு சுட்டெண் கொடுப்பார்கள். விடைத்தாளில் அதைத்தான் எழுதவேண்டும், மேசையிலும் அதை ஒட்டியிருப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தை முடிக்கும் ஆண்டில்தான் அப்பா இதை எனக்குச் சொன்னார். உயர்தரப் பரீட்சை தொடங்கிய நாளில் அம்மா போருக்குத் தப்பி, மன்னார்க் கரையில் இந்தியா போகும் படகுக்குக் காத்திருந்தாராம். எங்கோ ஒரு மண்டபத்தில் அந்த எண் ஒட்டிய மேசை அன்று முழுவதும் வெறுமையாக இருந்திருக்கும்.