மரச்சீனிக்கு நடுவே வெண்டை

காலையில் ரேடியோவில் ஒருவர் விவசாயிகளுக்குப் பாடம் எடுத்தார். மரவள்ளிக்கு இடையில் காய்கறி போட்டால் கூடுதல் வருமானமாம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அதற்கு மரச்சீனி என்று பேர். பர்மா அரிசி நின்றுபோன யுத்த காலத்தில் அதுதான் எங்களுக்குச் சோறு. அதன் நடுவே காய் போட்டவள் நான். வருமானம் வந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கிற ஆத்தூருக்குக் கிழக்கே, ஆறு கடலில் சேருகிற பக்கம், சின்னதாக ஒரு தோட்டம். மரச்சீனிக் குச்சி ஊன்றிய அன்றே வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்: “ஏளா, கெழங்கு எறங்க பத்து மாசமாவும். அதுவர என்னத்தத் திங்கது? நான் கொழும்புக்குப் போறேன்.” அங்கே போன எங்கள் ஊர் ஆண்களில் பாதிப்பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். இவரை ஊரிலேயே நிறுத்த ஒரு வழி தேடினேன்.

மூன்றடிக்கு ஒரு குச்சி. இடையில் மண் சும்மாதானே கிடக்கிறது? வெண்டை ஊன்றினேன், ஓரத்தில் சீனியவரை. மரச்சீனி இலை விரித்து நிழல் கட்டுவதற்குள் காய் பறித்துவிடலாம். அவருக்கோ பொறுமை கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு மரச்சீனியைப் பிடுங்கிக் கிழங்கு விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். “பிள்ளத்தாச்சி வயித்தக் கீறியா பிள்ள வளந்திருக்கான்னு பாப்பீய?” என்று கேட்டேன். நான் கொஞ்சம் வாயாடிதான்.

ஒன்றரை மாதத்தில் வெண்டை காய்த்துத் தள்ளியது. கொழும்புப் பேச்சு நின்றது. அவரே கூடையில் அடுக்கி, வண்டியேறிப் போய், தூத்துக்குடித் துறைமுகத்தில் தோணிக்காரர்களுக்கு விற்றுவிட்டுக் கருவாடும் சிரிப்புமாக வருவார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் வந்தவர் கூடையை இறக்கி வைக்காமலே சொன்னார்: “தோணித் தண்டல், ‘அண்ணாச்சி, கொழும்பு போற வழியில சமையலுக்கு ஆளில்ல, ஒரு நட வாரீயளா’ன்னு கேக்கான். ஒரே நடதாம்ளா.” தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவன். அவன் கண்ணில் இவரைக் கொண்டுபோய் நிறுத்தியதே என் வெண்டைக்காய்தான். யாரை நோவது?

கிழங்கு தோண்டிய அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். நல்ல விளைச்சல். அழுதுகொண்டே அவித்தேன்.

ஒரு நடை பல வருஷமாயிற்று. தோணி ஓட்டம் குறைந்த பிறகுதான் வீட்டோடு வந்தார். அதற்குள் தோட்டம் உப்பளமாகியிருந்தது. கடைசிவரை அடுப்பு அவர் வசம்தான். பத்துப் பேருக்குப் பொங்கியே பழகிய கை. எங்கள் இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று அவருக்குத் தெரியவே இல்லை.