நாளைக்குச் சாகிறேன் என்றவர்

போன புதன்கிழமை. காலை டிபனுக்குத் தோசைக்கல்லைப் போட்டிருந்தேன். பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள்.

"அம்மா, டிவி பார்த்தியா? அந்த வில்லன் நடிகர் போயிட்டாராம்."

கல்லில் ஊற்றிய தோசையைத் திருப்பத் தோன்றவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தீய்ந்த வாசனைக்கு என் கணவர் பேப்பரும் கையுமாக எழுந்து வந்து அடுப்பை அணைத்தார்.

"என்னாச்சு?"

சொன்னேன்.

"தொண்ணூறு தாண்டின மனுஷன். கல்யாணச் சாவு. இதுக்குப் போய் இப்படி உட்கார்ந்துட்டே?"

"நான் போய்ப் பார்த்துட்டு வரணும்."

"உனக்கு அவரைத் தெரியுமா என்ன?"

தெரியும். ஆறு நாள் தெரியும். எனக்குப் பத்து வயதில்.

நடிகரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது அவரே என்னிடம் கேட்டுக்கொண்டது. "நான் நல்லவன்னு வெளியில சொல்லிடாத பாப்பா. மார்க்கெட் போயிடும்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனாலும் வாக்கு வாக்குதானே?

ஒரு பிரபலம் இறந்தால் நமக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது? நம்மை அவருக்குத் தெரியாது. அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போனதில்லை. ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. மனோதத்துவக்காரர்கள் ஏதாவது விளக்கம் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் வளர்ந்த ராணுவக் குடியிருப்புதான். அங்கே யாரோ ஒருவரின் சாவு என்று ஒன்று கிடையாது.

அப்பா ராணுவத்தில் ஹவில்தார். வயர்லெஸ் பிரிவு. பஞ்சாப் பக்கம் அம்பாலாவில் எங்கள் வீடு பத்து வீடுகள் கொண்ட ஒரு வரிசையில் கடைசி. கெட்ட சேதி எப்படி வரும் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். முழு யூனிஃபார்மில் ஓர் அதிகாரி தெருவில் நடந்து வருவார். வேகமாக வரமாட்டார். ஒவ்வொரு வாசலிலும் இருக்கும் பெண் அவர் தன் வீட்டைத் தாண்டிப் போகிறாரா என்று பார்த்துக்கொண்டே நிற்பாள். ஏதோ ஒரு வாசலில் நின்று அவர் தொப்பியைக் கழற்றுவார். அவ்வளவுதான். அன்றைக்குப் பத்து வீட்டிலும் அடுப்பு எரியாது. பஞ்சாபிக்காரி வீடா, மலையாளி வீடா என்று யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் அப்பாவுக்கு வடகிழக்கு எல்லைக்கு மாற்றல். குடும்பத்தை அழைத்துப் போக முடியாத இடம். அப்பாவின் நம்பர் வெள்ளைப் பெயின்டில் எழுதிய இரண்டு கறுப்பு டிரங்குப் பெட்டிகளோடு அம்மாவும் நானும் பெருமாள்மலையில் வந்து இறங்கினோம். அம்மாவின் அண்ணன் அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். கொடைக்கானலுக்கு ஏறும் பஸ்ஸும் லாரியும் நின்று மூச்சு வாங்கும் இடம். கடைக்குப் பின்னால் இரண்டு அறை. அதுதான் எங்கள் வீடு.

பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டதும் பழக்கதோஷத்தில் இந்தியில் "ஜீ ஹாங்" என்றேன். ஊரை விட்டுக் கிளம்பும்வரை அதுதான் என் பட்டப்பெயர்.

அந்த ஐப்பசியில்தான் சீன எல்லையில் சண்டை மூண்டது.

அப்பாவிடமிருந்து பத்து நாளைக்கு ஒரு இன்லேண்டு லெட்டர் வரும். அது நின்றுபோயிற்று. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். மாமா கடையில் ரேடியோ இருந்தது. செய்தி நேரத்தில் கடை முன்னால் கூட்டம் கூடும். அம்மா மட்டும் வரமாட்டாள். மலையிலிருந்து வந்த மிளகைப் புடைத்துக்கொண்டே இருப்பாள். புடைத்ததையே மறுபடியும் புடைப்பாள். தபால்காரர் எங்கள் கடையைத் தாண்டும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவே மாட்டாள். முறத்தின் சத்தம் மட்டும் ஒரு நிமிடம் நிற்கும்.

அப்படி ஒரு நாள் மத்தியானம். நல்ல மழை. கடை முன்னால் ஒரு ஜீப் வந்து பாதையை மறித்து நின்றது.

"ஏலே, வண்டிய ஓரமாப் போடுலே. பஸ்ஸு வர்ற நேரம்" என்று மாமா டிரைவரைச் சத்தம் போட்டது உள்ளே கேட்டது.

சினிமாக் கம்பெனி ஜீப். படப்பிடிப்புக்கு வந்து மழையில் மாட்டிக்கொண்டவர்கள். அதில் இருந்த ஒரு நடிகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு வெந்நீர் தேவைப்பட்டிருக்கிறது. மாமா யாருக்கோ சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பின்கட்டுல தங்கச்சி இருக்கு, கேட்டு வாங்கிக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

சந்தில் பூட்ஸ் சத்தம் கேட்டு நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன்.

பச்சை யூனிஃபார்ம். தோளில் நட்சத்திரங்கள். சேறு வழுக்கியதால் மெதுவாக, காலைப் பார்த்துப் பார்த்து வைத்து நடந்து வந்தார். வாசலில் நின்றார். மழைநீர் சொட்டியதால் தொப்பியைக் கழற்றினார்.

அம்மா எழுந்து நின்றாள். மடியிலிருந்த மிளகு தரையெங்கும் ஓடியது.

"சொல்லாதீங்க" என்றாள்.

அவர் வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வந்த வழியே போயிருங்க. நான் யாரையும் பாக்கல. நீங்க யாரும் வரல."

அழவில்லை. சத்தமும் உயரவில்லை. கெஞ்சும்போது அம்மாவின் குரல் இப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் போட்டோவைப் பார்த்தார். டிரங்குப் பெட்டியில் இருந்த நம்பரைப் பார்த்தார். பிறகு தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். முகம் வெளிறிப்போனது.

மழையில் இறங்கி நின்று அந்தச் சட்டையைக் கழற்றினார். நட்சத்திரம் தெரியாமல் உள்பக்கம் வெளியே வருமாறு மடித்தார். பின்னாலேயே ஓடி வந்த மாமாவிடம் அதையும் தொப்பியையும் கொடுத்துவிட்டு, வெறும் பனியனோடு கைகூப்பினார்.

"அம்மா, நான் மிலிட்டரி இல்லை. சினிமாவுல வேஷம் கட்டுறவன். இது வாடகைக்கு எடுத்த சட்டை. நான் எந்தச் சேதியும் கொண்டு வரலை. வெந்நீர் கேக்க வந்தேன். வெந்நீர் மட்டும்தான்."

அம்மாவின் காதில் அது ஏற நேரம் பிடித்தது. மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை அவருக்குப் பல் கிட்டித்துக்கொண்டு வார்த்தை குழறியது. அதுதான் அம்மாவை அசைத்திருக்க வேண்டும்.

"இப்படி நனையுறீங்களே தம்பி. உள்ள வாங்க" என்றாள்.

அம்பாலாவிலிருந்து வந்த நாள் முதல் திறக்காத டிரங்கைத் திறந்து, அப்பாவின் கம்பளி ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள். வெந்நீர் கொடுத்தாள். சுக்குக் காப்பி போட்டாள். அவர் குடித்து முடித்த பிறகுதான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மரியாதையை அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மழை விடவில்லை. படப்பிடிப்பும் நடக்கவில்லை. மறுநாளும் வந்தார், வேட்டி சட்டையில். அதற்கு மறுநாளும் வந்தார். மெட்ராஸில் ஒரு பெரிய மனிதரைத் தெரியும், அப்பாவைப் பற்றி விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

"வேணாம் தம்பி" என்றாள் அம்மா. "வர்ற சேதி தானா வரட்டும். நம்ம போய் இழுத்துட்டு வர வேணாம்."

என்னிடம்தான் அவர் அதிகம் பேசினார். ராணுவக் குழந்தையான எனக்கு அவரைப் பற்றி நிறையக் குறை இருந்தது.

"நீங்க மெடல் ரிப்பனை வலது பக்கம் குத்தியிருந்தீங்க. அது தப்பு."

"அப்படியா? டைரக்டருக்கே தெரியலையே பாப்பா."

"சல்யூட் அடிச்சுக் காட்டுங்க."

காட்டினார். ஈ ஓட்டுவதுபோல இருந்தது. விறைப்பாக நிற்கவைத்து, குதிகாலைச் சேர்க்கச் சொல்லி, முழங்கை எவ்வளவு உயரவேண்டும் என்று விளக்குமாற்றுக் குச்சியால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவில் அவர் லெஃப்ட் ரைட் போட்டார். திரும்பும்போது துணி காயப்போடும் கயிற்றில் கழுத்து மாட்டிக்கொண்டது. அம்மா சிரித்தாள். ஆறு வாரத்தில் முதல் சிரிப்பு. கடையிலிருந்து மாமா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் வெயில் வந்தது.

"நாளைக்கு நான் ஊருக்குப் போறேன்மா. இன்னிக்கு ஷூட்டிங் பார்க்க வாங்க" என்று அவரே வந்து கூப்பிட்டார். பேரிக்காய்த் தோட்டத்துக்கு மேலே ஒரு புல்சரிவு. ஊரே கூடியிருந்தது. அம்மா தயங்கித் தயங்கி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

என்ன காட்சி என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்த அவருக்கோ, எங்களைக் கூப்பிட்ட சந்தோஷத்தில் அது உறைக்கவில்லை.

அவர் சரிவில் ஓடி வந்தார். எங்கோ வேட்டுச் சத்தம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மடிந்து விழுந்தார். பச்சைச் சட்டையில் சிவப்பு. கண் திறந்தபடி வானத்தைப் பார்த்துக் கிடந்தார். நல்ல நடிகர், என்ன செய்வது?

என் கையில் இருந்த அம்மாவின் கையைக் காணோம்.

கயிற்றைத் தாண்டி, கேமராவுக்குக் குறுக்கே, புல்லில் நடந்து போய்க்கொண்டிருந்தாள். யாரோ கத்தினார்கள். அவள் காதில் விழவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டு, "எந்திரிங்க தம்பி. ஈரத்துல கெடக்காதீங்க. எந்திரிங்க" என்றாள்.

அவர் எழுந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்தினார்.

டைரக்டருக்குக் கொதிப்பு. அஞ்சு நாள் கழித்து வந்த வெயில், இன்னும் ஒரு மணி நேரம்தான் தாங்கும், யார் இந்தப் பொம்பளை என்றெல்லாம் சத்தம். நடிகரோ வில்லன் வேஷத்துக்கு வந்த புதுமுகம். இவரை மாற்றிவிட்டு வேறு ஆளைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கும் அது தெரியும். ஆனாலும் சொன்னார்.

"மன்னிச்சுக்கங்க சார். இன்னிக்கு முடியாது. நாளைக்குச் சாகிறேன்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. டைரக்டர் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். மாமா போய் அவர் காதில் ஏதோ சொன்னார். டைரக்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது. சாயங்காலம் ஜீப் இறங்கிப்போனது. போகும்முன் ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம், "கீழ போற வரைக்கும் குளிரும், போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டாள் அம்மா.

கார்த்திகை முடியும்போது அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. வேறு யாரோ எழுதிய கையெழுத்து. 'ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். பனியில் இடது கால் விரல் இரண்டு போய்விட்டன. மற்றபடி சுகம்.'

அந்த 'மற்றபடி சுகம்' என்பதை அம்மா எத்தனை தடவை என்னைப் படிக்கச் சொன்னாள் என்று கணக்கே இல்லை.

தை பிறந்ததும் அப்பா பஸ்ஸிலிருந்து நொண்டிக்கொண்டே இறங்கினார். இரண்டு நாள் கழித்து ஸ்வெட்டரைத் தேடினார்.

"ஒரு சினிமா நடிகருக்குக் கொடுத்துட்டேங்க" என்றாள் அம்மா.

அப்பா யோசித்தார். "ஹீரோவா, வில்லனா?"

"வில்லன்."

"அப்ப சரி. ஹீரோவுக்குத்தான் எல்லாரும் கொடுப்பாங்க."

அப்பா வந்துவிட்டார் என்று நடிகருக்குத் தெரிவிக்க அம்மா சொல்லச் சொல்ல நான் ஒரு கடிதம் எழுதினேன். விலாசம் தெரியாது. பெயரைப் போட்டு, சினிமா நடிகர், மெட்ராஸ் என்று எழுதினோம். ஒரு மாதம் கழித்து, விலாசம் போதாது என்ற முத்திரையோடு அது திரும்பி வந்தது.

பிறகு அவர் பெரிய வில்லனாகிவிட்டார். நாங்கள் போன கன்டோன்மென்ட் ஊர்களுக்கெல்லாம் அவர் படம் வந்தது. அம்மா ஆசையாகக் கூட்டிப்போவாள். கடைசி ரீலுக்கு முன்னால் கையைப் பிடித்து இழுப்பாள். "எந்திரிங்க. அந்தத் தம்பி சாகறதுக்குள்ள போயிருவோம்." வில்லன் எப்படியும் சாவான். அதனால் அவர் நடித்த ஒரு படத்துக்கும் எனக்கு முடிவு தெரியாது.

கல்யாணமாகி நான் சென்னைக்கு வந்து எத்தனையோ வருடம். அவர் வீடு இரண்டு பஸ் மாறினால் வந்துவிடும். போகவில்லை. அவருக்கு நினைவிருக்குமா என்ற கூச்சம். இன்றைக்கு மழை, நாளைக்குப் பரீட்சை, அடுத்த வாரம் போகலாம்... போயிற்று.

புதன்கிழமை போனேன். டிவிக்காரர்கள் அவர் செத்த காட்சிகளையெல்லாம் திரட்டித் தெருமுனையில் பெரிய திரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இறந்தவருக்கு அஞ்சலி செய்ய வேறு வழியா இல்லை? நான் அந்தப் பக்கம் பார்க்காமல் வரிசையில் நின்றேன். ஒன்றரை மணி நேரம்.

தலைமாட்டில் அவருடைய மகன் நின்றிருந்தார். அவருக்கே அறுபது இருக்கும். மாலையும் இல்லாமல், சினிமாக்காரியாகவும் இல்லாமல் ஒரு கிழவி நகராமல் நிற்பதைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, நீங்க...?"

எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். பெருமாள்மலை, மழை, மிளகு எல்லாம். வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"எங்க அப்பா திரும்பி வந்துட்டார்னு இவர்கிட்ட சொல்லணும்."

அவருக்கு என்ன புரிந்ததோ தெரியாது. புருவம்கூட உயரவில்லை. வரிசையைக் கையால் நிறுத்திவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

குனிந்து சொன்னேன்.

உங்களுக்கும் யாரிடமாவது சொல்லவேண்டிய நல்ல சேதி ஒன்று இருக்கும். இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.