கல்லறைத் தோட்டத்தில் எங்கள் மகள்

போன வருஷம் எங்கள் சபையில் அடக்கப் பதிவேட்டைப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள். மிஷனரிகள் காலத்திலிருந்து வந்த பழைய ஏடுகள் மழையில் ஊறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அவரவர் குடும்பத்துக் கல்லறைகளை நேரில் வந்து காட்டும்படி போதகர் ஞாயிறு ஆராதனையில் கேட்டுக்கொண்டார். வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டே என் கணவர், "நம்ம கொழந்தையையும் எழுதச் சொல்லலாமா?" என்றார்.

எங்கள் முதல் குழந்தை. பெண். பிறந்த அன்றே இறந்துபோனாள். அறுவை சிகிச்சை மயக்கம் தெளிந்து நான் கண் விழித்தபோது அடக்கமே முடிந்திருந்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தை என்று அப்போது ஏட்டில் எழுதவில்லை. கல்லும் வைக்கவில்லை. பிறகு மகன் பிறந்தான், வளர்ந்தான், இப்போது சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய் வருகிறான். அவளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. கல்லறைத் திருநாள்களில் மாமனாருக்குச் சாமந்தி வைத்துவிட்டு இவர் மட்டும் தள்ளிப் போய் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு வருவார். அங்கேதான் இருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

மறுநாள் காலை போதகருடன் போனோம். இவர் வேப்பமரம் வரை வேகமாக நடந்தார். அதைத் தாண்டிச் சுவரோரம் போனார். திரும்பி வந்தார். காலால் புல்லை விலக்கிப் பார்த்தார். மறுபடி சுவரோரம் போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"செங்கல் ஒண்ணு நட்டு வெச்சிருந்தேன். இந்தச் சுவரு கட்டுனப்போ மண்ண நெரவிட்டாங்க. அப்பவே தொலைஞ்சு போச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். போதகர் சற்றுத் தள்ளியே நின்றார். இத்தனை வருஷம் சொல்லாததை இவர் அங்கே வைத்துத்தான் சொன்னார்.

அவளை அடக்கம் செய்த அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. எங்கள் ஊர்க் கோயில் மலையைச் சுற்றி எந்தத் தெருவிலும் வண்டி விடவில்லை. அவர் தம்பி குழி வெட்டச் சொல்ல முன்னாலேயே போய்விட்டதால், இவர் ஒருவராகவே குழந்தையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காவடிக் கூட்டத்துக்கு எதிராக நடந்திருக்கிறார்.

"மஞ்சப் பொடவை கட்டுன ஒரு அம்மா என்னைப் பாத்துட்டு, கொழந்த தூங்குது, வழி வுடுங்கன்னாங்க. எல்லாரும் ஒதுங்கி நின்னாங்க. வெயிலு படாம பாத்துக்கோ நைனான்னு சொன்னாங்க. ஆங்னு சொல்லிக்கினே வந்துட்டேன்."

நாற்பது வயதிலும் அறுபது வயதிலும் இவர் அழுது நான் பார்த்ததே இல்லை. இப்போது சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

போதகர் ஏட்டைத் திறந்து, என்ன பெயர் எழுதட்டும் என்று மெல்லக் கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பையன்தான் பிறப்பான் என்று பையனுக்கு மட்டும்தான் பெயர் யோசித்திருந்தோம். இப்போது ஒன்று வைக்கலாமே என்றார் போதகர். எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் எங்கள் இருவர் பெயரையும் எழுதி, அவர்களின் பெண் குழந்தை என்று எழுதினார். இடம் என்ற கட்டத்தில் கிழக்குச் சுவரோரம், சரியாகத் தெரியவில்லை என்று எழுதினார். இவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இத்தனை வருஷமும் எனக்குள்ளே கிடந்ததை அப்போது கேட்டேன்.

"மூஞ்சி எப்படி இருந்துச்சுங்க?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாக்கலம்மா. பாத்தா நடக்க முடியாதுன்னு மூடினபடியே எடுத்துக்கினு போயிட்டேன். அரை மயக்கத்துல உனக்காவது காட்டியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டோம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் வீடு வரை நடந்தோம்.