ஏழாவது மினார்

வரலாற்று டீச்சர் காட்டிய படத்தில் இஸ்தான்புல் மசூதி ஒன்று இருந்தது. நடுவில் பெரிய குவிமாடம். அதைத் தாங்கிக்கொண்டு நான்கு பக்கமும் அரைக் குவிமாடங்கள். சுற்றிலும் சீவிய பென்சில் போல ஆறு மினார்கள். பள்ளிக் கண்காட்சிக்கு அதை நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கியதற்கு ஒரே காரணம், திருப்பூரில் எங்கள் அப்பா பனியன் கம்பெனி வைத்திருந்ததுதான். மினாருக்கு, கூம்பு அட்டையில் நூல் சுற்றி வரும் கோனைவிடப் பொருத்தமான சாமான் உலகத்தில் உண்டா?

அம்மாவின் சோற்றுப் போசியைக் கவிழ்த்தேன், குவிமாடம் ஆயிற்று. அரைக் குவிமாடங்களுக்குத் தேங்காய்த் தொட்டிகளைச் சுற்றிலும் சாய்த்து வைத்தேன். கம்பெனியில் இருந்த இரண்டு மூட்டைகளிலிருந்து மூட்டைக்கு ஆறாகப் பன்னிரண்டு கோன்களைப் நாலைந்து நடையாகப் பாவாடையில் ஏந்தி வந்து, இரண்டிரண்டாக அடுக்கினேன். படத்தில் மினார்களின் உச்சி ஈயத் தகடு போர்த்தி நீலம் பாரித்திருந்தது. எது மேலே வரும் என்று முதலில் தெரியாததால் பன்னிரண்டு கோன்களின் அட்டை நுனிக்கும் நீல மையைத் தடவியிருந்தேன். அந்த டாம்பீகம்தான் வினையாகப் போயிற்று.

கண்காட்சிக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, எங்கள் கம்பெனியில் மெஷின் ஓட்டுபவர். நீல உச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறு மினார் எதற்கு என்று கேட்டார். டீச்சர் சொன்னதை ஒப்பித்தேன். ஒரு சுல்தான் ஆறு மினார் வைத்துக் கட்டிவிட்டார். மெக்காவிலும் ஆறுதானே, அதற்குச் சமமாகவா என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். உடனே சுல்தான் தன் செலவில் மெக்காவில் ஏழாவதைக் கட்டிக் கொடுத்தாராம். இது வெறும் கதையாகவும் இருக்கலாம் என்று டீச்சர் சொன்னதை மட்டும் நான் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை கோன்களைத் திருப்பி வைக்கப் போனபோதுதான் மூட்டைகளைக் கவனித்தேன். ஒரு மூட்டை தடித்த நூல், மற்றது மெல்லிசு. பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை. நுனியில் மில்காரர்கள் அடித்திருந்த சிவப்பையும் பச்சையையும் வைத்துத்தான் பிரித்தறிய வேண்டும். இப்போது பன்னிரண்டும் நீலம். அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று போனேன். கல்கத்தாவுக்கு ஏற்ற வேண்டிய சரக்கைப் பற்றி அவர் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். பயந்து திரும்பி வந்து, கைக்கு வந்தபடி மூட்டைக்கு ஆறாகச் செருகிவிட்டேன்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மெஷின் சத்தம் ஓய்ந்தாலே கம்பெனிப் பக்கம் ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் நாள் நடு மத்தியானத்தில் ஓய்ந்தது. துணி முழுக்கத் தடிப்பும் மெலிவுமாக வளையம் வளையமாய்க் கோடு. அப்பா அதை மாமாவின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"நுனியப் பாத்து மாட்டோணும்னு தெரியாதா? கண்ணு எங்க இருந்துச்சு?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தானுங்க மச்சான், அவசரத்துல பாக்காம மாட்டிட்டனுங்க."

மெஷினிலிருந்து கழற்றிய கோன்கள் தரையில் கிடந்தன. சிலவற்றில் நுனியைக் காணோம். நீல நுனி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. யாரோ கிள்ளியெடுத்தது போலிருந்தது. தானாகப் பிய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தப்பித்த சந்தோஷத்தில் அன்று இரண்டு தட்டு சோறு தின்றேன்.

அப்பா அதன்பின் மாமாவை மெஷினைத் தொட விடவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் மாமா உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலைக்குக் கிளம்பினார். அம்மா அழுதுகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டாள். அவரை வழியனுப்பப் போனது நான்தான். பஸ் வந்து நின்ற பிறகும் மாமா ஏறவில்லை.

"கண்ணு, அந்தச் சுல்தான் கதைய இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன்.

"தப்புன்னு தெரிஞ்சதும் அவரே ஏழாவதக் கட்டிக் குடுத்துட்டாரு. அப்படித்தான கண்ணு?" என்று என் முகத்தையே பார்த்தார்.

"ஆமாங்க மாமா. அதுதான் இருக்கறதுலயே உசரம்" என்று நானாக ஒன்றைச் சேர்த்து, கையை உயரத் தூக்கிக் காட்டினேன்.

கண்டக்டர் விசில் ஊதினார். மாமா இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார். கதை மறந்துபோய்க் கேட்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.