வராத படத்தின் எழுத்துகள்

இது நடந்தது. மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டுச் சுதந்திரத்துக்கு, முந்திய மழைக்காலமா, பிந்தியதா என்பதில்தான் எனக்குத் தடுமாற்றம். சிவகாமி சொன்னதில் சிலதை நான் மாற்றி நினைவில் வைத்திருக்கவும் கூடும். அந்தக் குரலைப் பற்றி மட்டும் சந்தேகமில்லை.

காஜா பெராங் பகுதியில் ஒரு கடைவீட்டு மாடியில் சிவகாமியும் அவள் கணவன் ஜெயபாலனும் குடியிருந்தார்கள். ஸ்பெயின்காரப் பாதிரியார் ஒருவர் அவர்களுக்கு வேலை கொடுத்திருந்தார். காஸ்டில் தேசத்து அரசர்களின் பழைய வரலாறு. அங்கிருந்து கையெழுத்துப் பிரதியைப் படமெடுத்துக் கப்பலில் அனுப்புவார்கள். ஒரே பக்கத்தை வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் தட்டச்சு செய்ய, அவர் ஒப்பிட்டுத் திருத்துவார். மொழி தெரியாதவர்கள்தான் அவருக்கு வேண்டும். தெரிந்தவர்கள் பிழையைத் தாங்களாகவே சரிசெய்துவிடுவார்களாம். பழைய எழுத்துகளை அடையாளம் காண மட்டும் ஜெயபாலனைப் பழக்கியிருந்தார்.

அவன் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் அமர்ந்து எழுத்தெழுத்தாகச் சொல்வான். சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவள் அடிப்பாள். சொல் முடிந்தால், இடம் விடச் சொல்லி "தள்ளு" என்பான். வரிக்கு ஒருமுறை இருமுவான்.

இருமலில் ரத்தம் வந்தபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

"ரெண்டு வாரம்தான். அதுக்குள்ள என் நாற்காலியில வேற ஆளப் போட்டுடாத."

"ஆமா, வெளிய வரிசையில நிக்கிறாங்க," என்றாள்.

மூன்றாவது வாரம். சாயங்காலம். அவனைப் பார்க்கக் கிளம்பியவள், மழை விடட்டும் என்று மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள்.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம்...

"ஆர்... ஈ... ஒய்... தள்ளு."

அவன் குரல். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தாள். சந்தோஷத்தில் விரல்கள் தாமாக ஓடின. வரியின் நடுவில் திரும்பினால் அவனுக்குப் பிடிக்காது. அவள் திரும்பவில்லை.

வரி முடிந்தது. இருமல் இல்லை.

அடுத்த வரி. அப்போதும் இல்லை. குணமாகிவிட்டது.

பிறகுதான் உறைத்தது... படங்களெல்லாம் போன வாரமே பாதிரியாரிடம் போய்விட்டன. எதைப் பார்த்துச் சொல்கிறான்?

படியில் காலடி கேட்கவே இல்லையே...

"என்னங்க... சாப்டீங்களா?"

"எம்... யு... ஈ..."

"ஏதாச்சும் பேசுங்க."

"ஆர்... டி... ஈ... தள்ளு."

அடித்தாள்.

அழுதுகொண்டே அடித்தாள்.

தாள் முடிந்தபோது குரல் நின்றது.

திரும்பினாள். யாருமில்லை. ஜன்னல் திறந்து கிடந்தது. தரையெல்லாம் சாரல். நாற்காலி மட்டும் நனையவில்லை.

கீழ்வீட்டு ரஹீமா மேலே வந்தாள். "ஆஸ்பத்திரிலேருந்து ஆள் வந்திருக்கு, சிவகாமி... மத்தியானமே முடிஞ்சிருச்சாம்."

அடுத்த கப்பலில் புதுப் படங்கள் வந்தன. அவள் அடித்திருந்த தாள் முதல் படத்தோடு எழுத்து பிசகாமல் ஒத்துப்போனது. படத்தில் பாதிப் பக்கம் தீயில் கருகியிருந்தது. அவள் தாளில் முழுப் பக்கமும் இருந்தது.

பாதிரியார் கருகிய பாதிக்கான வரிகளை அவள் தாளில் விரல் வைத்துப் படித்தார்.

"அந்த மிச்சத்துல எனக்குன்னு ஏதாச்சும் சொல்லியிருக்காரா, பாதர்?"

அவர் மலாயில் மெதுவாகச் சொன்னார். "ஒரு ராஜா செத்தார். அவர் குதிரையும் செத்தது. வேறொன்றும் இல்லை அம்மா."

மறுபடி படிக்கச் சொன்னாள். மறுபடி படித்தார். வேறொன்றும் இல்லை.

ஒப்பிட வேறு பிரதி இல்லை என்று அந்தப் பாதியை அவர் புத்தகத்தில் சேர்க்கவில்லை. தன் ஊருக்குத் திரும்பி அங்கேயே காலமானார். ரஹீமா செங் என்ற ஊர்ப் பக்கம் குடிபோனாள். சிவகாமி சாகும்வரை அந்த மாடியை விடவில்லை. மழை வரும்போதெல்லாம் மெஷினில் தாளைச் செருகி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஓர் எழுத்துகூட யாரும் சொல்லவில்லை.