ஒரே ஒரு ஸ்டூல்

பெங்களூர் அல்சூரில் ஒரு டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு தனியாளாக ஜாப் டைப்பிங் செய்துவந்தேன். எல்லோரும் கம்ப்யூட்டரில் அடித்த கல்யாணப் பத்திரிகைதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்ததும், நானும் ஒன்று வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். பெட்டிகளை ஏற்றி வர என் கணவர் தன் ஆட்டோவோடு வந்தார்.

கடைக்காரர், "கூத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி, இருந்த ஒரே ஸ்டூலை என் கணவருக்கு இழுத்துப் போட்டார். "எதுக்கு சார் கம்ப்யூட்டர்?"

"பத்திரிகை அடிக்க. பெரிய மானிட்டர் வேணும், முழுப் பக்கமும் ஒண்ணாத் தெரியணும்" என்றேன் நான்.

கடைக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. "மேடம் டைப்தானே பண்றாங்க சார்? சின்னதே போதும். நல்ல ஸ்பீக்கர் போட்டுக்குங்க, பசங்க பாட்டு கேக்கும்."

கல்யாணப் பத்திரிகை பாடவா போகிறது? கீபோர்டைத் தட்டிப் பார்க்கக் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று அதற்கும் என் கணவரிடமே பதில். நாள் முழுக்கத் தட்டப்போவது என் விரல்கள்!

என் கணவர் எழுந்துவிட்டார். "நான் ஆட்டோ ஓட்றவன் பாஸ், பெட்டி தூக்க வந்தேன். மொதலாளி அவங்க. அவங்ககிட்ட பேசுங்க."

அடுத்த நொடியே ஸ்டூல் என் பக்கம் வந்தது. "கூத்கொள்ளி மேடம்!"

நான் உட்காரவில்லை. வேறு கடையில்தான் வாங்கினேன்.

திரும்பும் வழியில், "அதான் நான் சொல்லிட்டேனே, இன்னும் என்ன கோவம்?" என்றார் கணவர்.

அதுதானே கோபம்! நான் முதலாளி என்பதைக்கூட அவர் சொன்ன பிறகுதான் அந்த ஸ்டூல் நகர்ந்தது.