மேனேஜர் மேடத்துக்காக ஒரு மொட்டை

போன வருடம் அம்மாவை ஆபரேஷனுக்குச் சேர்த்திருந்தபோது மேனேஜர் மேடத்திடம் லீவு கேட்டேன். "ஐ பிட்டி யூ" என்றார். லீவு தரவில்லை.

அம்மாவை உள்ளே கொண்டுபோனபோது பக்கத்து வீட்டு அக்காதான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஆபீசில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிட்டி என்பது மாடியில் நின்று கீழே எட்டிப் பார்ப்பது. சிம்பதி என்றால் இறங்கி வந்து பக்கத்தில் உட்காருவது. கம்பாஷன் என்றால் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுவது. மேடம் மாடியைவிட்டு இறங்கவே இல்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அம்மாவைப் பார்த்துவிட்டு, அப்படியே மலையேறிப் போய் முருகனிடம் ஒன்று வேண்டிக்கொண்டேன்.

இன்று மேடத்துக்கு ஆபீசில் பிரிவுபசார விழா. காலையில் மலைக்குப் போய்விட்டு, மொட்டைத் தலையில் பூசிய சந்தனத்தோடு நேராக அங்கே போனேன்.

மேடம் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவுக்கு மறுபடியும் முடியலையாம்மா? எனக்கு உன்மேல எவ்ளோ சிம்பதி தெரியுமா?"

"அம்மா நல்லாக்கீறாங்க மேடம். உங்களுக்கு டிரான்ஸ்பர் வரணும்னுதான் வேண்டிக்கினேன். வந்துடிச்சி."

மேடம் கையை விட்டார். சமோசா தின்றுகொண்டிருந்த மொத்த ஆபீசும் மெல்லுவதை நிறுத்தியது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பிட்டிதான். அதற்குக் கீழே ஒரு படிகூட நான் இறங்குவதாக இல்லை.

திங்கட்கிழமை புது மேனேஜர் வருகிறாராம். எப்படிப்பட்டவர் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். முடி வளர நாளாகும்.